மூன்றாம் ஓலை

எங்கள் பூவரசந்துறையில் கடல் சத்தத்தை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசையில், சாமியார் கல்யாண ஓலை வாசித்து முடித்த கையோடு. ஓலை என்றால் பனையோலை இல்லை, இப்போது அது ஒரு தாள்தான். ஆனாலும் இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப்போகிறது, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று அடுத்தடுத்து மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்கிற அந்த அறிவிப்புக்கு எங்கள் பூட்டன் காலத்திலிருந்தே ஓலை என்றுதான் பெயர். மூன்று ஓலையும் வாசித்து, யாரும் எழுந்து நிற்காமல் இருந்தால்தான் தாலி.

அன்றைக்கு வாசித்தது கிளமென்டுக்கும் செலஸ்தினுக்கும். செலஸ்தின் எங்கள் வீட்டு மருமகள், என் வீட்டுக்காரருடைய அண்ணன் மகன் கஸ்பாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுதாய்க் கடக்காமல் கஸ்பார் கடலுக்குப் போனான், போனவன் வரவில்லை. கூடப் போன இரண்டு பேரின் உடலும் கரை ஒதுங்கி, அவர்களுக்குக் கோயிலில் துக்க மணி அடித்து அடக்கமும் செய்தாயிற்று. கஸ்பார் உடல் மட்டும் வரவில்லை. உடல் வராதவனுக்குப் பெற்றவள் கேட்டால்தான் மணி அடிப்பது என்பது எங்கள் துறையின் வழக்கம். பெற்றவள் என் ஓரகத்தி அமலோற்பவம் அக்காள், அவள் ஆறு வருஷமாய்க் கேட்கவேயில்லை.

எங்கள் வீடும் அக்காள் வீடும் ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரிலும் ஒரு கதவு. பொழுது சாய்ந்ததும் இரண்டு வீட்டு ஆட்களும் அக்காள் வீட்டு நடுவறையில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்வோம், அக்காள்தான் முன்னால் நின்று நடத்துவாள். மாலை முடிந்ததும் இரண்டு மன்றாட்டு உண்டு, ஒன்று பயணத்தில் இருப்பவர்களுக்காக, இன்னொன்று இறந்துபோன ஆத்துமாக்களுக்காக. கப்பலில் வேலை பார்க்கிறவன், வளைகுடாவில் இருக்கிறவன், கடலுக்குப் போயிருக்கிறவன் எல்லாரும் முதல் மன்றாட்டில் வருவார்கள். என் மாமனார், மாமியார், பிறந்தவுடன் இறந்த என் தலைச்சன் பிள்ளை எல்லாரும் இரண்டாவதில் வருவார்கள். அக்காள் ஒருநாள் தவறாமல் கஸ்பாரின் பெயரை முதல் மன்றாட்டில்தான் சொன்னாள். நாங்களும் ஆமென் என்று சொன்னோம், ஒரு தாயின் வாயிலிருந்து அந்தப் பெயரைப் பிடுங்கி இரண்டாவதில் வைக்க எங்களில் யாருக்குத் துணிச்சல் இருந்தது?

கிளமென்ட் எஞ்சின் மெக்கானிக், தெற்கே சில ஊர் தாண்டியிருக்கிற ஊர்க்காரன். அக்காளின் புருஷன், என் மூத்தார் சந்தியாகுவின் வள்ளத்து எஞ்சின் மக்கர் பண்ணியபோது பார்க்க வந்தவன், நாங்கள் செபத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு வாசல் மணலிலேயே முழங்காலிட்டான், கையெல்லாம் எண்ணெய். மறுநாளும் அந்த நேரத்துக்கே வந்தான். எஞ்சின் சரியான பிறகும் வந்தான். செலஸ்தினைப் பார்க்கத்தான் வருகிறான் என்பது கண் உள்ள எல்லாருக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது, ஏனென்றால் அவள் தலைமுக்காட்டை அந்த நேரத்தில் மட்டும் இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். ஆனால் அந்தப் பையனிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், அக்காள் கஸ்பார் திரும்பி வர வேண்டும் என்று வேண்டும்போது எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் அவன்தான். தான் ஆசைப்பட்ட பெண்ணின் புருஷன் உயிரோடு வர வேண்டும் என்று இரண்டு வருஷம் தினமும் முழங்காலிட்டு வேண்டிய ஒருவனை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதைப் பார்த்துத்தான் செலஸ்தின் மனசு இளகியது என்று நான் நினைக்கிறேன்.

அவள் அக்காளிடம் கேட்டது மீன் கழுவும்போது. நானும் பக்கத்தில் இருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "மாமி, கிளமென்ட் என்னயக் கேக்கான். நீங்க வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். அக்காள் செதில் எடுப்பதை நிறுத்தவில்லை.

"கெட்டிக்கோ மக்கா. நல்ல பையன்தான். நீ சின்னவ."

"அப்ப அவரு?"

"அவன் வருவான்" என்றாள் அக்காள். "எம் மவ வாழட்டும், எம் மவன் வரட்டும். ரெண்டும்தான் நடக்கட்டுமே, ஆண்டவரால ஆகாதா?"

இதை நான் வெளியில் சொன்னபோது ஊர் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அக்காள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மேற்றிராசனத்தில் விசாரித்து, கஸ்பார் இறந்தவன்தான் என்று ஆயரே தீர்மானித்து அனுமதி கொடுத்த பிறகும், செலஸ்தினுக்குக் கல்யாணச் சேலை எடுக்கக் கடைக்குப் போய் வந்த அதே சாயங்காலம், அக்காள் முழங்காலிட்டுக் கஸ்பார் பெயரைப் பயணத்தில் இருப்பவர்களோடுதான் சொன்னாள்.

ஆக, முதல் ஓலை. சாமியார் தடை உண்டா என்று வாசித்துத் தாளை மடித்தார். வழக்கமாய் அந்த இடத்தில் ஒரு இருமல், ஒரு குழந்தையின் அழுகை, இவற்றுக்கு அடியில் ஓயாத அலைச்சத்தம் இருக்கும். இருமல் இருந்தது, குழந்தை அழுதது, அலைச்சத்தம் இல்லை. நாங்கள் பிறந்த அன்றைக்குக் காதில் விழுந்து அதற்குப் பிறகு ஒருகணமும் விலகாத சத்தம் அது, ஆகையால் என்ன குறைகிறதென்று உடனே யாருக்கும் புரியவில்லை. ஒருத்தி காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டாள். பூசை முடிந்து வெளியே வந்து பார்த்தால் கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது, அலை எழுந்தது, மடிந்தது, நுரை மணலில் ஏறி இறங்கியது, ஆனால் கொஞ்சமும் சத்தம் இல்லை. வள்ளத்திலிருந்து நங்கூரத்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

ஏன் என்று முதல் நாள் கேட்டோம், அதற்குப் பிறகு கேட்க நேரமில்லை, ஏனென்றால் சத்தம் இல்லாத கடலை வைத்துக்கொண்டு பிழைக்க வேண்டியிருந்தது. கடற்கரைக்காரர்கள் நாங்கள், அலையை மீறிப் பேசிப் பேசித் தொண்டை பெருத்தவர்கள், மெதுவாய்ப் பேசுவது எப்படியென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சோற்றில் உப்பில்லை என்று ஒருவன் பெண்சாதியைத் திட்டியது கோயில் வரை கேட்டது, அவள் திருப்பிச் சொன்னது அதற்கும் அப்பால் கேட்டது. யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார்மேல் பகை, யார் தனியாய் உட்கார்ந்து அழுகிறார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துபோனது, தெரிந்தபின் சிலர் சமாதானம் ஆனார்கள், சிலர் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். கைப்பிள்ளைகள் தூங்கவில்லை. தாய்மார்கள் ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவை இரைய விட்டுத் தொட்டில் அருகில் வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்து கரையில் நின்று காதைத் தீட்டிப் பார்த்தார்கள், நகரத்திலிருந்து ஒருவர் கருவியோடு வந்து தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டுக் கருவி பழுது என்று சொல்லிப் போனார்.

நாங்கள் கேட்ட இன்னொன்று, அக்காளின் செபம். ஆறு வருஷமாய் அலைச்சத்தத்தில் கரைந்துபோயிருந்த அந்தக் குரல் இப்போது ஒவ்வொரு சாயங்காலமும் ஊரின் எல்லாத் தெருவுக்கும் போயிற்று. பயணத்தில் இருக்கும் எங்கள் மகன் கஸ்பாருக்காக என்று அவள் சொல்லும்போது, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். அடுத்து வாசல் பக்கமிருந்து கிளமென்டின் ஆமென் கேட்கும், அதையும் ஊர் கேட்டது. அதுவரை அந்தப் பையனைப் பற்றிக் கண்டபடி பேசிய வாய்களெல்லாம் மூடிக்கொண்டன.

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. எங்கள் துறைக்கு வெளியே பார் உண்டு, நீருக்குள் மறைந்த பாறை, விடியுமுன் திரும்புகிற வள்ளங்கள் அலை அதில் மோதும் சத்தத்தை வைத்துத்தான் வழி பிடிக்கும். சத்தமில்லாமல் போனதும் ஒரு வள்ளம் அடி உடைந்தது, ஆட்கள் நீந்தி வந்தார்கள். அதன்பிறகு யாரும் இறங்கவில்லை. வெறுங்கரையில் உட்கார்ந்திருக்கும் ஆண்கள் என்ன செய்வார்கள், காரணம் பேசுவார்கள். கோயில் கமிட்டித் தலைவர் தொம்மை ஒரு காரணம் கண்டுபிடித்தார். தடை உண்டா என்று கேட்டபோதுதான் கடல் வாயை மூடியது, கஸ்பாரைப் பற்றி அறிந்த சாட்சி கடல் ஒன்றுதான், ஆகவே கடல் தடை சொல்கிறது, கஸ்பார் எங்கோ உயிரோடு இருக்கிறான். இது எல்லாருக்கும் பொருத்தமாய்ப் பட்டது. எங்களைப்போல் கடலையும் கோயில் பங்கைச் சேர்ந்த ஓர் ஆளாய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களால்தான் இப்படியொரு தப்பைச் செய்ய முடியும்.

இரண்டாம் ஓலையைச் சாமியார் வாசித்தார். கடல் அப்படியே இருந்தது. பூசை முடிந்ததும் தொம்மை அவரை மறித்தார்.

"சாமி, மூணாம் ஓலை வாசிக்கக் கூடாது. ஒரு சாட்சி தடை சொல்லும்போது நீங்க எப்படி வாசிப்பீக?"

சாமியார் இளவயதுக்காரர். "தொம்மை, ஆயர் அனுமதி கொடுத்தாச்சு. கடலை விசாரிக்க எனக்குச் சட்டம் இல்ல" என்றார். ஆனால் மூன்றாம் ஓலையைக் கட்டாயம் வாசிப்பேன் என்றும் அவர் சொல்லவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். சண்டை பிடிக்க யாரும் வரவில்லை, அதுதான் கொடுமை. கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, செலஸ்தின் தலையைத் தடவி, உன்மேல் தப்பில்லை மகளே, ஆனால் எங்கள் பிள்ளைகளைப் பார் என்றார்கள். சிலர் அக்காளிடம் போய், உன் செபம் வீண்போகவில்லை, உன் மகன் இருக்கிறான் என்று கடலே சொல்லிவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார்கள். ஆறு வருஷமாய்த் தன்னைப் பைத்தியக்காரி என்று பேசிய ஊர் ஒருவழியாய்த் தன் பக்கம் வந்து நின்றபோது அக்காள் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவள் செலஸ்தினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வாரம் முழுவதும் சரியாய்ச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை செலஸ்தின் சாமியாரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாள். கிளமென்ட் வாசலில் நின்றான். "ஒனக்கு வேண்டாம்னா சொல்லு, போயிருதேன். ஊருக்காகன்னா நான் போகமாட்டேன்" என்றான். அவள் உள்ளே வந்து அக்காள் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமி, நான் உங்ககூடயே இருந்துக்கிடுதேன். அவரு வாறவரைக்கும் இருக்கேன்."

"வராட்டா?" என்று கேட்டது என் மூத்தார் சந்தியாகு. வீட்டில் பேசாத மனுஷர், எப்போதாவது இப்படி ஒரு வார்த்தை விழும்.

அக்காள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு செலஸ்தினைப் பார்த்தாள். இருபத்தாறு வயதுப் பெண், கன்னம் ஒட்டி, தன் மடியில் தலை வைத்து, தான் இத்தனை நாள் காத்திருந்தது போலவே காத்திருக்கத் தயாராய்க் கிடக்கிறாள். அதுவரை அக்காளுக்குத் தன் நம்பிக்கை தன் ஒருத்தியைத்தான் தின்கிறது என்ற நினைப்பு இருந்திருக்க வேண்டும். அன்று செபம் நடத்த அவள் வரவில்லை, தலைவலி என்று படுத்துக்கொண்டாள், நான்தான் நடத்தினேன். மன்றாட்டு வந்தபோது கஸ்பார் பெயரை எங்கே சொல்வதென்று தெரியாமல் இரண்டிலும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அறிவிப்பு நேரம் வந்தது. சாமியார் தாளை எடுத்தார், பார்த்தார், மற்ற அறிவிப்புகளை வாசித்தார், தாளைத் திரும்ப வைக்கப்போனார். அப்போது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அமலோற்பவம் அக்காள் எழுந்து நின்றாள்.

"சாமி, ஓலைய வாசிங்க."

தொம்மை எழுந்தார். "அமலோற்பவம், கடல் தடை சொல்லுதுல்லா? ஒம் மவன் விஷயம்தானே?"

"கடல் ஒரு தடையும் சொல்லல அண்ணே. கோயில்ல ஒரு கேள்வி கேட்டாக. பதில் தெரிஞ்சவ நான், நான் வாயத் தொறக்கல. எனக்காகத்தான் அது சத்தத்த நிறுத்திட்டு நிக்குது." அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எம் மவன் கஸ்பார் செத்துட்டான். பெத்தவ சொல்லுதேன். மணி அடிங்க."

அவ்வளவு அமைதியில் ஒரு மனுஷி அந்த வார்த்தையைச் சொல்லி அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கேட்டதில்லை. பிறகு கோயில் உபதேசியார் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். துக்க மணி எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அலைச்சத்தம் இல்லாத ஊரில் அது அடித்ததை அன்றைக்குத்தான் கேட்டோம். ஒவ்வொரு அடியும் முழுசாய் எழுந்து, முழுசாய் நின்று, தேய்ந்து முடிந்த பிறகுதான் அடுத்தது வந்தது. தெற்கு ஊர்களில் உப்பளத்தில் நின்றவர்கள்கூட யாரோ பெரியவர் போய்விட்டார் என்று சிலுவை போட்டுக்கொண்டார்களாம். சந்தியாகு மூத்தார் ஆண்கள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அக்காள் அழவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

கடைசி மணி ஓய்ந்தபோது கடல் கேட்டது. முதலில் பக்கத்து வீட்டில் அரிசி களைவதுபோல் சன்னமாய், பிறகு பெரிதாய், பிறகு எப்போதும்போல். வெளியே நின்ற ஆண்கள் கரைக்கு ஓடினார்கள், உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சாமியார் மூன்றாம் ஓலையை அந்த இரைச்சலில்தான் வாசித்தார், தடை உண்டா என்ற கேள்வி முன்வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்டிருக்காது. அன்று மதியமே வள்ளங்கள் இறங்கின.

அன்றையிலிருந்து அக்காள் கஸ்பார் பெயரை இரண்டாவது மன்றாட்டில் சொன்னாள், என் பிள்ளையின் பெயருக்கு அடுத்ததாய். நாங்கள் ஆமென் சொன்னோம். ஊர் அவளை மெச்சியது, இப்படித்தான் ஆண்டவர் சித்தத்துக்குத் தலைவணங்க வேண்டும் என்று சாமியார் பிரசங்கத்திலும் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பாவம் அக்காள், ஒருவழியாய் மனசு தேறிவிட்டது என்று.

கல்யாணத்தன்று காலை நடுவறையில் நாங்கள் மூன்று பேர். செலஸ்தினுக்குத் தாய் இல்லாததால் மணமகள் பக்கத்துத் தாயாய் அக்காள்தான் நின்றாள். நான் பூச்சரம் வைத்தேன், அக்காள் அவள் தலையில் மணப்பெண் முக்காட்டு நெட்டைப் போட்டு ஊசி குத்தினாள். செலஸ்தின் கண்ணாடியிலேயே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"மாமி, ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீய. அன்னைக்குக் கோயில்ல சொன்னியளே, மனசார நம்பித்தான் சொன்னியளா?"

அக்காள் வாயில் இரண்டு ஊசி இருந்தது. ஒவ்வொன்றாய் எடுத்துக் குத்தினாள்.

"இல்ல மக்கா" என்றாள். "பொய்தான் சொன்னேன். பீடத்துக்கு முன்னால நின்னு, நற்கருணை நாதர் பாக்க, துணிஞ்சு சொன்னேன். அவன் இருக்கான். வருவான்."

செலஸ்தின் எழுந்துவிட்டாள். அக்காள் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"வந்தா நான் கரையில நின்னு சொல்லிக்கிடுதேன். ஒன்னய ஒரு வார்த்த கேக்க விடமாட்டேன். அம்மா ஏன் இப்படிச் செஞ்சீகன்னு கேட்டா, நீ இல்லாத வீட்ட ஒருத்தி ஆறு வருஷம் தாங்குனா, அதுக்கு மேல அவ கழுத்துல கல்லக் கட்ட எனக்கு மனசில்லன்னு சொல்லுவேன். எம் பிள்ள, அவனுக்குப் புரியும்."

"ஆண்டவர் கேட்டா மாமி?" செலஸ்தின் அழுதுகொண்டே கேட்டாள். "பொய்ச் சத்தியம் பாவம்லா? மணியே அடிக்கச் சொன்னியளே. எனக்காக நீங்க..."

அந்தக் கடல் எதை நம்பி வாய் திறந்தது என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. அக்காள் முந்தானையால் அவள் கன்னத்தை ஒற்றியெடுத்து, நெட்டை இழுத்து நேராக்கினாள்.

"அந்தப் பாவத்த நான் சுமந்துக்கிடுதேன், நீ தலைய ஆட்டாம இரு" என்றாள். "ஆண்டவருக்கும் ஒரு தாயி இருக்காள்லா? அவகிட்டப் பேசிக்கிடுதேன்."